ஆய்வுப் பதிவு முடிந்த கையோடு நூலகத்தில் செய்ய வேண்டியவை

கோவையில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் 19 வருடமாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் சென்னிமலை. இத்தனை வருடத்தில் ஆய்வு மாணவர்கள் என் மேசைக்கு வந்து முதன்முதலாகக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஏனுங்க மேடம், பிளேஜியரிசம் சர்டிபிகேட் எப்பக் கிடைக்கும்?" ஆய்வேட்டில் அடுத்தவர் எழுத்தைத் திருடவில்லை என்பதற்கான சான்று அது. ஆய்வேட்டை எழுதி முடித்து, பைண்டிங் கடையில் அட்டைக்கு என்ன நிறம் என்பதுவரை சொல்லிவிட்டுக் கடைசி வாரத்தில் வருகிறார்கள். நாலு வருடமாகப் பக்கத்துக் கட்டடத்திலேயே இருந்திருப்பார்கள். நூலகத்துக்கு வந்திருப்பார்கள், ஃபேனுக்குக் கீழே இடம் பிடித்துப் படித்திருப்பார்கள். எங்களிடம் பேசியிருக்க மாட்டார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வெள்ளகோவில் பக்கத்திலிருந்து ஒரு பெண் அப்படி வந்தார். ஆய்வேட்டில் எவ்வளவு பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் எடுத்துத் தரும் ஒற்றுமை அறிக்கையில் 38 சதவீதம் காட்டியது. திருடி எழுதும் பெண் அல்ல அவர். மூன்று வருடமாகப் படித்த கட்டுரைகளிலிருந்து பிடித்த வரிகளையெல்லாம் ஒரே கோப்பில் ஒட்டி வைத்திருக்கிறார். எது தன் வாக்கியம், எது அடுத்தவருடையது என்று எழுதும்போது அவருக்கே தெரியவில்லை. திருத்தி மறுபடி கொடுக்க ஆறு மாதம் ஆயிற்று. அன்றைக்கு அழக்கூட இல்லை; அந்த அறிக்கைத் தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். முதல் மாதத்தில் ஒரு மணி நேரம் பேசியிருந்தால் அந்த ஆறு மாதம் அவருக்கு மிஞ்சியிருக்கும். அவரை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி

நூலகத்துக்கு வரும்போது தலைப்பைக் கொண்டுவராதீர்கள், கேள்வியைக் கொண்டுவாருங்கள். "நொய்யல் ஆற்று மாசு" என்பது தலைப்பு. அதை வைத்துத் தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து விழும், ஒன்றும் உதவாது. "ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே உள்ள கிணறுகளில் தண்ணீரின் உப்புத்தன்மை, 2011க்குப் பிறகு குறைந்திருக்கிறதா?" என்பது கேள்வி. இதை உதாரணமாக எடுப்பதற்குக் காரணம் உண்டு. அந்த அணை எங்கள் ஊருக்குப் பக்கம். 1992இல் பாசனத்துக்காகக் கட்டியது. திருப்பூர்ச் சாயத் தண்ணீர் வந்து தேங்கும் குட்டையாகிவிட்டது. எங்கள் பெரியப்பா தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரை மாடு வாயில் வைக்காத காலத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதற்கப்புறம் கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாட்டோடுதான் பட்டறைகள் ஓட வேண்டும் என்றாயிற்று. ஆகவே 2011 என்ற வருடம் இந்தக் கேள்விக்குள் வந்தே ஆக வேண்டும்.

கேள்வியை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, அதிலுள்ள சொற்களை மூன்று குவியலாகப் பிரியுங்கள். இடம் ஒரு குவியல்: நொய்யல், திருப்பூர், ஒரத்துப்பாளையம். பொருள் இன்னொன்று: சாயக்கழிவு, சலவைக்கழிவு, ஜவுளிக் கழிவுநீர். மூன்றாவது விளைவு: நிலத்தடி நீர், கிணறு, உப்புத்தன்மை, கரைந்துள்ள திடப்பொருள், மண்வளம். ஒவ்வொன்றுக்கும் நேரான ஆங்கிலச் சொல்லை எழுதுங்கள், அந்தத் துறைக்காரர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். மஞ்சளைப் பற்றித் தேடுகிறீர்கள் என்றால் 'டர்மெரிக்' மட்டும் போதாது. தாவரவியல் கட்டுரைகள் 'குர்குமா லாங்கா' என்ற பெயரில்தான் இருக்கும்.

இதில் நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை இருக்கிறது, ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல். திருப்பூரை ஒற்றை 'பி' போட்டு எழுதுகிறவர் உண்டு, இரட்டை 'பி' போடுகிறவர் உண்டு. நொய்யலுக்கு இன்று இரண்டு 'ஒய்' போடுகிறோம். வெள்ளைக்காரர் காலத்துப் பதிவுகளில் அது 'நொயில்' என்று வாசிக்கும்படி இருக்கும். உடுமலைப்பேட்டை, உடுமல்பேட் ஆகும். காங்கேயத்துக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் என்று நானே இன்னும் எண்ணி முடிக்கவில்லை. ஒரு மாணவர் ஒரு மாதம் தேடி, "இதுல யாருமே வேலை செய்யலீங்க" என்று வந்தார். அவர் இரட்டை 'பி' மட்டுமே போட்டிருந்தார். ஒற்றை 'பி' போட்டதும் அவர் படிக்க வேண்டிய முக்கியமான கட்டுரைகளே வெளியே வந்தன. எல்லா வடிவத்தையும் அடைப்புக்குறிக்குள் எழுதி, நடுவில் 'அல்லது' என்று பொருள்படும் 'ஆர்' (OR) என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் போடுங்கள். இரண்டு மூன்று சொல் சேர்ந்த தொடர் என்றால் மேற்கோள் குறிக்குள் வையுங்கள்.

இதற்கு அரை நாள் ஆகும். எங்கள் அப்பா தறியில் உட்காருவதற்கு முன்னால் பாவு ஓட்டுவதற்கே ஒரு பொழுது போய்விடும். அந்த நேரம் வீண் என்று எங்கள் தெருவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஏற்கெனவே யார் செய்திருக்கிறார்கள்

கேள்வி கையில் வந்ததும் போக வேண்டிய முதல் இடம் ஷோத்கங்கா. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் சேரும் இடம். பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் மையமான, காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் நடத்துகிறது. ஐந்து லட்சத்துக்கும் மேல் ஆய்வேடுகள் இருக்கின்றன, காசு கிடையாது, கணக்கு தொடங்கவும் வேண்டாம். அதோடு ஷோத்கங்கோத்ரி என்று ஒன்று உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. பதிவு செய்து, இன்னும் முடிக்காமல் நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளின் சுருக்கம் அங்கே இருக்கும். உங்கள் கேள்வியை வேறொரு ஊரில் ஒருவர் இப்போது செய்துகொண்டிருந்தால், நாலாவது வருடம் தெரிவதைவிட நாலாவது நாள் தெரிவது நல்லது.

வேளாண்மைக்காரர்கள் கிருஷிகோஷையும் பார்க்க வேண்டும். வேளாண் பல்கலைக்கழக ஆய்வேடுகள் நிறைய அங்கேதான் கிடக்கின்றன. நம் கோவையிலேயே கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 1912இலிருந்து இருக்கிறது. ஜவுளிக்கு 1956இல் தொடங்கிய சிட்ரா என்ற ஆராய்ச்சிச் சங்கம் இருக்கிறது. பறவை, காடு என்றால் ஆனைகட்டியில் சாலிம் அலி மையம். பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இவ்வளவு இருந்தும் டெல்லிக் கட்டுரையை மட்டும் படித்துவிட்டு ஆய்வேடு எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. துறைத் தலைவரிடமோ நூலகரிடமோ ஓர் அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

ஒரு நல்ல ஆய்வேடு கிடைத்தால் முதலில் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். அதன் நூற்பட்டியல், அந்த ஆள் நாலு வருடம் அலைந்து சேர்த்தது. அது பின்னோக்கிப் போகும் வழி. முன்னோக்கிப் போக கூகுள் ஸ்காலரில் அந்தக் கட்டுரைக்குக் கீழே 'சைட்டட் பை' என்று ஓர் எண் இருக்கும், அதைத் தொடுங்கள். அதை மேற்கோள் காட்டிப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் வரிசையாக வருவார்கள். இந்த இரண்டு திசையிலும் இரண்டு சுற்று போனாலே அந்தத் துறையில் யார் யார் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது பிடிபட்டுவிடும். அங்கேயே மின்னஞ்சல் அறிவிப்பையும் போட்டுவிடுங்கள். புதுக் கட்டுரை வந்தால் தானே தேடி வரும்.

தமிழ்த் துறை மாணவர்களுக்கும் வரலாற்று மாணவர்களுக்கும் வழி கொஞ்சம் வேறு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சு நூல்களும் இதழ்களும் படமாக இருக்கின்றன. மதுரைத் திட்டம் 1998இலிருந்து இலக்கிய நூல்களை எழுத்து வடிவில் தருகிறது, சொல் தேட அதுதான் வசதி. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒருமுறையாவது நேரில் போய் வாருங்கள். கொங்கு நாட்டு நிலம், கிணறு, பயிர் என்று ஆய்வு செய்கிறவர்கள் நிக்கல்சன் தொகுத்த 1887ஆம் ஆண்டுக் கோவை மாவட்டக் கையேட்டையும், 1800, 1801இல் இந்தப் பக்கம் பயணம் செய்து 1807இல் அச்சிட்ட புக்கானனின் பயணக் குறிப்பையும் தவிர்க்க முடியாது. இரண்டும் இன்டர்நெட் ஆர்கைவில் இலவசமாக இருக்கின்றன. எழுத்துக்கூட்டல் பாடத்தை அங்கே மறந்துவிட வேண்டாம்.

அலமாரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நூலகங்களில் புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்கும் தூவி பகுப்பு எண்ணில் தமிழ் இலக்கியம் 894.811, ஜவுளி 677. தேடி வந்த புத்தகத்தை எடுத்ததும் திரும்பிவிடாமல், இடது கைப்பக்கம் பத்து, வலது கைப்பக்கம் பத்து முதுகெழுத்துகளைப் படித்துவிட்டுப் போங்கள்.

இப்போது வந்திருக்கும் வசதி

இதைச் சொல்லவே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய். 30 வெளியீட்டாளர்களின் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள். எல்சேவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, டெய்லர் அண்ட் பிரான்சிஸ், சேஜ், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் எல்லாம் இதற்குள் அடக்கம். அரசுப் பல்கலைக்கழகங்கள், அரசுக் கல்லூரிகள், மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்கள் என 6,300க்கும் மேற்பட்ட இடங்களுக்கு இது பொருந்தும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வேதியியல் இதழின் சந்தாவைத் தொடரலாமா நிறுத்தலாமா என்று ஒரு கமிட்டி முழு மதியமும் உட்கார்ந்து பேசியது நினைவிருக்கிறது. இன்று ஒரு சின்ன ஊர் அரசுக் கல்லூரி மாணவியும் அதே இதழை வீட்டிலிருந்தே திறக்கலாம்.

வளாகத்து இணையத்தில் இருந்தால் நேராகத் திறக்கும். வீட்டிலிருந்தோ விடுதியிலிருந்தோ திறக்க இன்ஃபெட் என்ற நுழைவு வழி இருக்கிறது. அதற்கான பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் உங்கள் நூலகம்தான் உருவாக்கித் தரும். பலர் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை; இதழின் பக்கத்தில் 40 டாலர் கட்டு என்று வந்ததும் மூடிவிடுகிறார்கள். ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். எங்களிடம் கேளுங்கள். அதில் இல்லாத கட்டுரை என்றால் அன்பேவால் என்ற உலாவி நீட்டிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், சட்டப்படி இலவசமாக எங்காவது இருந்தால் அது காட்டிவிடும். அதிலும் இல்லையா, எழுதியவருக்கே நாலு வரி மின்னஞ்சல் போடுங்கள். தன் கட்டுரையைப் படிக்க ஒருவர் கேட்கிறார் என்றால் பெரும்பாலானவர்கள் சந்தோஷமாக அனுப்புகிறார்கள். புத்தகம் வேண்டுமென்றால் டெல்நெட் வழியாக வேறு நூலகத்திலிருந்து இரவல் வாங்கித் தருவோம், வந்து சேரச் சில நாள் பிடிக்கும்.

உதவி பெறும் கல்லூரியிலோ தனியார் கல்லூரியிலோ இருக்கிறவர்கள் உங்கள் கல்லூரி, கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்னூல்களும் தரும் என்-லிஸ்ட் திட்டத்தில் உறுப்பினரா என்று நூலகரிடம் விசாரியுங்கள். உறுப்பினர் என்றால் உங்களுக்கும் தனிக் கணக்கு உண்டு.

குறிப்பு எடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது

வெள்ளகோவில் பெண் மாட்டிக்கொண்ட இடம் இது. அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன்.

முதல் கட்டுரையைப் படிக்கும் அன்றைக்கே ஸோடெரோவைக் கணினியில் போடுங்கள். இலவச மென்பொருள், அமெரிக்காவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006இல் தொடங்கியது. உலாவியில் ஒரு பொத்தானைத் தொட்டால் ஆசிரியர், தலைப்பு, இதழ், வருடம், பக்கம் எல்லாம் தானே பதிவாகிவிடும். எழுதும்போது வேர்டிலிருந்தே மேற்கோளைச் செருகலாம். நூற்பட்டியல் கீழே தானாக அடுக்கிக்கொள்ளும். கடைசியில் வழிகாட்டி "இந்த ஸ்டைல் வேண்டாம், அந்த ஸ்டைலில் மாற்று" என்று சொன்னாலும் ஒரு நிமிட வேலை. பழைய தமிழ் நூல்களை மட்டும் கையால் உள்ளிட வேண்டியிருக்கும். அப்போது பதிப்பாண்டைக் கவனமாகப் பாருங்கள். முதல் பதிப்பின் ஆண்டு ஒன்று, உங்கள் கையில் இருக்கும் மறுபதிப்பின் ஆண்டு இன்னொன்று.

அடுத்தது குறிப்பு. என் மேசைக்கு வருகிறவர்களிடம் மூன்று நிறம் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். கட்டுரையிலிருந்து அப்படியே எடுத்த வரி சிவப்பு. அதற்கு மேற்கோள் குறியும் பக்க எண்ணும் கட்டாயம். படித்ததை மூடி வைத்துவிட்டு உங்கள் வார்த்தையில் எழுதியது நீலம், அதற்கும் யாருடையது என்ற பெயர் வேண்டும். உங்களுக்கே தோன்றியது பச்சை. ஆய்வேடு எழுதும் காலத்தில் திரும்பிப் பார்த்தால் பச்சை எங்கெங்கே இருக்கிறதோ அங்கேதான் உங்கள் ஆய்வு இருக்கிறது. மூடி வைத்துவிட்டு என்று சொன்னதைக் கவனியுங்கள். கட்டுரை கண் முன்னால் திறந்திருந்தால் 'வாஸ்' இருந்த இடத்தில் 'வேர்' போட்டுவிட்டு நம் வார்த்தை என்று நினைத்துக்கொள்வோம். மூடிவிட்டு எழுத வரவில்லை என்றால் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம், மறுபடி படியுங்கள்.

இப்போது சாட்ஜிபிடியிடம் கேட்டு நூற்பட்டியல் தயார் செய்கிறவர்கள் வருகிறார்கள். தலைப்பு பொருத்தமாக இருக்கும், ஆசிரியர் பெயர் உண்மையாக இருக்கும், இதழும் உண்மையாக இருக்கும். அப்படி ஒரு கட்டுரை மட்டும் உலகத்திலேயே இருக்காது. போன வருடம் ஒரு மாணவர் கொண்டுவந்த பட்டியலைச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம், பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் டி.ஓ.ஐ. எண்ணை, அதாவது இணையத்தில் அந்தக் கட்டுரைக்கென்றே உள்ள நிலையான அடையாள எண்ணைத் தேடி, அது எந்தக் கட்டுரையைத் திறக்கிறது என்று கண்ணால் பாருங்கள். நீங்கள் திறந்து படிக்காத எதையும் நூற்பட்டியலில் சேர்க்காதீர்கள்.

ஒற்றுமை அறிக்கை

2018இல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) கொண்டுவந்த விதியின்படி, 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஒரு வருடத்துக்குத் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்கவே முடியாது. 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. உங்கள் பல்கலைக்கழகம் இதைவிட இறுக்கமாக ஏதாவது வைத்திருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முறையாகக் குறிப்பிட்டு எடுத்தாண்ட மேற்கோள், நூற்பட்டியல், உள்ளடக்கம், முன்னுரை, நன்றியுரை, சட்டப் பெயர்கள், சமன்பாடுகள் ஆகியவை கணக்கில் வராது. தற்செயலாக ஒத்துப்போகும் 14 சொல் வரையிலான தொடரும் வராது. இவற்றை நீக்கித்தான் அறிக்கை எடுக்கிறார்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மென்பொருளைப் பல்கலைக்கழகங்களுக்கு ஷோத்சுத்தி திட்டத்தில் இன்ஃப்ளிப்நெட் 2019இலிருந்து கொடுத்துவருகிறது. முதலில் உர்குண்ட் இருந்தது, இப்போது ட்ரில்பிட். பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம், ஒன்று பார்க்கும் தரவு இன்னொன்று பார்ப்பதில்லை. ஒவ்வொரு இயலையும் எழுதி முடித்ததும் தனித்தனியாகக் கொண்டுவந்து பாருங்கள். சிவப்பாகக் காட்டும் ஒவ்வொரு இடத்தையும் நாம் உட்கார்ந்து படிப்போம். சொல்லை மாற்றிச் சதவீதத்தைக் குறைத்துத் தரும் கடைகள் சில ஊர்களில் இருக்கின்றன. அங்கே கொடுத்த ஓர் ஆய்வேட்டில் 'நிலத்தடி நீர்' என்ற பொருள் வரும் இடமெல்லாம் 'தரைக்குக் கீழான திரவம்' என்ற பொருளில் ஆங்கிலம் மாறியிருந்தது. நாலு வருட உழைப்பை அப்படி ஒருவர் கையில் கொடுக்காதீர்கள்.

தமிழில் ஆய்வேடு எழுதுகிறவர்கள் தொடக்கத்திலிருந்தே யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். தமிழ்99 விசைப்பலகை பழக ஒரு வாரம் போதும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் கணினி அதைத் தமிழாகவே பார்ப்பதில்லை, வெறும் ஆங்கிலக் குறிகளாகத்தான் பார்க்கிறது. நாளைக்கு ஷோத்கங்காவில் ஏறினாலும் யார் தேடினாலும் கிடைக்காது. ஏற்கெனவே அடித்துவிட்டீர்கள் என்றால் என்.எச்.எம். கன்வெர்ட்டரில் போட்டு மாற்றலாம். மாற்றியதும் ஒரு முறை முழுதும் படித்துப் பார்க்க வேண்டும், கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறியிருக்கும்.

எந்த இதழுக்கு அனுப்புவது

தரமான இதழ்கள் என்று யு.ஜி.சி. வைத்திருந்த கேர் பட்டியலைக் கேட்டு இன்னும் வருகிறார்கள். அது நிறுத்தப்பட்டுவிட்டது, 2025 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. இப்போது இதழின் தரத்தை நிறுவனமும் நீங்களும்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஆய்வேடு கொடுப்பதற்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி. 2022 விதியில் எடுத்துவிட்டது, ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் வைத்திருக்கலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்புறம் அவசரப்படுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு விரிவுரையாளர், இரண்டு பிள்ளைகள், சம்பளம் சொற்பம். ஒரு நாள் வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டினார். மூன்றாம் நாளே கட்டுரை வெளிவந்துவிட்டது. அந்த இதழின் பெயர் உண்மையான ஓர் இதழின் பெயர், ஒவ்வோர் இதழுக்கும் தனியாகத் தரும் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். எண்ணும் அதனுடையதுதான், இணையதளம் மட்டும் போலி. பதவி உயர்வுக்குப் போனபோது தள்ளிவிட்டார்கள். பணத்தைவிட, அந்த ஆய்வு நல்ல ஆய்வு என்பதுதான் எனக்கு வருத்தம். இன்னொரு இடத்தில் அதை மறுபடி வெளியிடவும் முடியவில்லை.

இப்படிப் பாருங்கள். விளம்பரத்தில் வந்த இணைப்பைத் தொடாமல், ஐ.எஸ்.எஸ்.என். மையத்தின் தளத்துக்கு நீங்களே போய் எட்டு இலக்க எண்ணைப் போட்டு, அங்கே என்ன பெயரும் பதிப்பாளரும் இருக்கிறது என்று பாருங்கள். பழைய இதழ்கள் நான்கைத் திறந்து படியுங்கள். மீன்வளமும் மேலாண்மையும் மின்னணுவியலும் ஒரே இதழில் இருந்தால் விலகிவிடுங்கள். ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவருடைய பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அவர் தன் விவரத்தில் அந்த இதழைச் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். இரண்டு நாளில் ஏற்கிறோம் என்பவரை நம்ப வேண்டாம். ஒரு கட்டுரையை மற்றொரு அறிஞர் ஒழுங்காகப் படிக்கவே வாரக்கணக்கில் ஆகும். காசு கட்டாமல் படிக்கக் கிடைக்கும் நல்ல இதழ்களை டோஜ் (DOAJ) என்ற இணையப் பட்டியலில் தேடலாம். சந்தேகம் இருந்தால் பணம் அனுப்புவதற்கு முன்னால் இணைப்பை எங்களுக்கு அனுப்புங்கள். அன்றைக்கே பதில் சொல்கிறேன்.

ஆசிரியர்களுக்கு, பெயரைப் பற்றி

நம் பெயர் முறை வெளிநாட்டுத் தரவுத்தளங்களுக்குப் புரிவதில்லை. கவிதா என்று ஒருவர், அப்பா பெயர் பழனிசாமி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டுரையில் பி. கவிதா, இன்னொன்றில் கவிதா பி., மூன்றாவதில் படிவம் குடும்பப் பெயர் கேட்டதால் கவிதா பழனிசாமி. கடைசிக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர்கள் எல்லோரும் அப்பாவின் பெயரால் காட்டுவார்கள். கல்யாணமான பிறகு இன்ஷியல் மாறினால் நாலாவது ஆளும் பிறந்துவிடுவார். பதவி உயர்வுக்கு மேற்கோள் எண்ணிக்கை கேட்கும்போது பாதி வேலை வேறு யாருடைய கணக்கிலோ கிடக்கும். அதே பெயரில் கொங்கு நாட்டிலேயே பத்துப் பேராவது ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பார்கள்.

அதனால் முதல் கட்டுரை அனுப்புவதற்கு முன்பே ஆர்கிட் (ORCID) என்ற ஆய்வாளர் அடையாள எண் எடுத்துக்கொள்ளுங்கள். 16 இலக்கம், இலவசம், பத்து நிமிட வேலை, ஆயுளுக்கும் ஒரே எண். பெயரை எப்படி எழுதுவது என்று ஒரு வடிவத்தை முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். பழைய வடிவங்களையெல்லாம் ஆர்கிட் பக்கத்தில் மாற்றுப் பெயர்களாகச் சேர்க்கலாம். அப்புறம் ஆய்வாளர்கள், ஆசிரியர்களின் விவரங்களைத் தொகுக்கும் இன்ஃப்ளிப்நெட்டின் வித்வான் தளத்தில் உங்கள் விவரத்தைத் திறந்து ஆர்கிட் எண்ணை இணைத்துவிடுங்கள். பிரிந்து கிடக்கும் பழைய கட்டுரைகளைச் சேர்த்துவைக்கக் கோரிக்கை அனுப்ப வேண்டும். அந்தப் படிவத்தை நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பித் தருகிறோம்.

முதல் நாள் வரும்போது

மூன்று வரியில் எழுதிய கேள்வி, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த இரண்டு கட்டுரைகள், வழிகாட்டி சொன்ன ஒரு பெயர். இவை போதும். கேள்வி இன்னும் தெளிவாகவில்லை என்றாலும் வாருங்கள், பேசும்போதே அது உருவம் பிடிக்கும். மடிக்கணினி இல்லாதவர்கள் தயங்க வேண்டாம், இங்கே இருக்கிறது. தோட்ட வேலையை முடித்துவிட்டு மதியத்துக்கு மேல்தான் வர முடியும் என்று ஒரு பகுதிநேர ஆய்வாளர் சொன்னார். அவருக்காகச் செவ்வாயும் வியாழனும் பொழுதோட ஆறு மணி வரை இருக்கிறேன். மற்றவர்களும் வரலாம். இரண்டாம் மாடி, பருவ இதழ் பகுதிக்கு அடுத்த ஜன்னல் ஓரத்து மேசை. பென்சிலும் வெள்ளைத் தாளும் அங்கேயே வைத்திருக்கிறேன்.